பலகை இல்லாத அக்கா

எங்கள் கிழங்குக் கொட்டகையில் யாரும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டோம். உட்காருகிற இடம்தான் பெயர். நான் தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் உட்காருவேன். அதனால் நான் பானைக்காரி. எனக்கு நேர் எதிரே தூணில் முதுகைச் சாய்த்துக்கொண்டு ஒருத்தி உட்காருவாள், அவள் தூணுக்காரி. வெளிச்சம் வேண்டும் என்று வாசலை ஒட்டி உட்காருகிற வயதானவள் வாசக்காரி. புதுப்பெண்ணாக வந்த ஒருத்தி இடம் கிடைக்காமல் எடைக்கல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் மகளுக்கே கல்யாணம் ஆகிவிட்டது, இன்னும் அவள் எடைக்காரிதான்.

இதை என் பேத்தி எழுதுகிறாள். எனக்கு எழுத்து தெரியாது. நான் ஒரு மாதிரி சொல்கிறேன், அவள் அதை இஸ்திரி போட்டு எழுதுகிறாள். படித்துக் காட்டும்போது, "நான் பேசுன மாதிரியே இல்லையே கண்ணு" என்றேன். "நீங்க பேசுனத அப்படியே எழுதுனா வெளியூருக்காரங்க முழிப்பாங்க அம்மாயி" என்கிறாள். சரி, என் பேச்சை என்னவோ செய்துகொள், மற்றவர்கள் பேசினதில் மட்டும் கை வைக்காதே என்று சொல்லியிருக்கிறேன்.

இந்தப் பேச்சை ஆரம்பித்ததும் அவள்தான். சேலத்தில் ஃபேர்லேண்ட்ஸ் பக்கம் ஒரு கம்ப்யூட்டர் ஆபீஸில் வேலை. மகளிர் தினத்துக்கு அங்கே கூட்டமாம். வேலை செய்கிற இடத்தில் ஒரு பெண் எதனால் நல்ல தலைவி ஆகிறாள் என்று இவள் பேச வேண்டுமாம். "உங்களுக்கு அப்படி யாராச்சும் தெரியுமா அம்மாயி?" என்றாள். எனக்குச் சந்தோஷத்தில் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் கொட்டகை அக்காவைப் பற்றி என்னிடம் கேட்க ஓர் ஆள் வந்துவிட்டதே. காலையில் பேச ஆரம்பித்தவள், மாட்டுக்குத் தண்ணீர் காட்டவும் மறந்துபோனேன்.

முதலில் கொட்டகையைச் சொல்லிவிடுகிறேன். பாயசத்தில் முத்து முத்தாக மிதக்கிறதே சவ்வரிசி, அது மரவள்ளி என்கிற குச்சிக்கிழங்கிலிருந்து வருகிறது. ராசிபுரம் பக்கம் எங்கள் ஊரில் அதற்கு ஒரு ஆலை. சேகோ ஆலை என்போம். ஆவணி பிறந்தால் கிழங்கு லாரி வர ஆரம்பிக்கும். கொட்டகை நடுவில் லாரிக்காரன் கிழங்கைக் கொட்டிவிட்டுப் போவான், ஆள் உயரத்துக்குக் குவிந்து கிடக்கும். நாங்கள் பெண்கள் சுற்றி வட்டமாக உட்கார்ந்து தோல் உரிப்போம். இரண்டு முனையையும் நறுக்கி, நீளத்துக்கு ஒரு கீறல் கீறி, கட்டைவிரலை உள்ளே விட்டுத் தள்ளினால் குழந்தைக்குச் சட்டை கழற்றுகிற மாதிரி தோல் தனியாக வந்துவிடும். உள்ளே வெள்ளைவெளேர் என்று கிழங்கு. அதை அவரவர் கூடையில் போட வேண்டும். கூடையை எடைபோட்டுத்தான் கூலி. கை ஓடினால் அடுப்பு எரியும். கை நின்றால் அன்றைக்கு வீட்டில் பேச்சு வாங்க வேண்டும்.

தரை எப்போதும் ஈரம். கிழங்குப் பால் பட்டு வழுக்கும், புளித்த வாடை வேறு. அதனால் ஒவ்வொருத்தியும் வீட்டிலிருந்து ஒரு பலகை கொண்டுவந்து போட்டு உட்காருவோம். என் பலகை பழைய கதவு உடைந்ததில் அறுத்தது. ஒரு மூலையில் தாழ்ப்பாள் ஓட்டை இருக்கும். சாயங்காலம் பலகையைக் கழுவி அவரவர் இடத்திலேயே சாய்த்து வைத்துவிட்டுப் போவோம். ஒருத்தி பலகையில் இன்னொருத்தி உட்கார்ந்தால் சண்டைதான்.

எங்களில் யாராவது செத்துப்போனால் அதற்கும் ஒரு முறை வைத்திருந்தோம். அடக்கம் முடிந்து வேலைக்கு வருகிற முதல் நாள், அவள் பலகையை அவள் இடத்தில் எடுத்துப் போடுவோம். மேலே உரிக்காத கிழங்கு ஒன்று. அன்றைய குவியல் தீருகிற வரை அந்த இடத்தில் யாரும் உட்கார மாட்டோம், அதைத் தாண்டிக் கையும் நீட்ட மாட்டோம். மறுநாள் அவள் வீட்டில் பலகையைக் கொடுத்துவிட்டு நெருங்கி உட்கார்ந்துகொள்வோம்.

அக்கா எங்கள் மேஸ்திரி. லாரி வந்தால் ஆள் கூட்டுவது, எடையைப் பார்ப்பது, முதலாளியிடம் பேசுவது எல்லாம் அவர்தான். அவருக்கு மட்டும் பலகை கிடையாது.

காலையில் வந்ததும் வட்டத்தைச் சுற்றி ஒரு நடை நடப்பார். யார் முகத்தையும் பார்க்க மாட்டார், கைகளைத்தான் பார்ப்பார். யார் கை அன்றைக்கு ஓடவில்லையோ அவள் பக்கத்தில் போய், "கொஞ்சம் நவுந்துக்க அம்மிணி" என்று குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிடுவார். இடுப்பில் செருகியிருக்கிற கத்தியை எடுத்து உரிக்க ஆரம்பிப்பார். உரித்ததை எல்லாம் அவள் கூடையில் போடுவார். என்ன ஆச்சு, ஏன் முகம் வீங்கியிருக்கிறது, ராத்திரி அடித்தானா, குழந்தைக்கு உடம்பு சரியில்லையா என்று ஒரு வார்த்தை கேட்க மாட்டார். அவர் எருமையைப் பற்றிப் பேசுவார்.

அந்த எருமையைச் சொல்லாமல் போக முடியாது. அக்கா வீட்டுக்காரர் இருந்தவரை அவர்தான் பால் கறந்தார். அவர் காலமான பிறகு அது அக்காவைக் கிட்டே சேர்க்கவில்லை. கடைசியில் அக்கா அவருடைய பழைய சட்டையை மாட்டிக்கொண்டு, தலைக்கு உருமாலும் கட்டிக்கொண்டு போய் உட்கார்ந்திருக்கிறார். மோந்து பார்த்துவிட்டுப் பால் விட்டதாம். "என்னையக் கட்டுன மனுசனுக்குக்கூட நான் இத்தன வேசம் போட்டதில்ல அம்மிணி" என்பார். ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் எருமை புதிதாக ஏதாவது செய்யும். ஒரு தடவை, பீடி வாசம் வரவில்லை என்று திரும்பிப் பார்த்ததாம்.

அவர் யார் பக்கத்தில் உட்காருகிறாரோ அவளுக்கு வீட்டில் ஏதோ சரியில்லை என்று கொட்டகைக்கே தெரிந்துவிடும். அதனால் சிலருக்குக் கூச்சம்.

"எனக்கு ஒண்ணுமில்லீங்க்கா, நீங்க அக்கட்டால போங்க" என்பார்கள்.

"நானும் ஒண்ணும் கேக்கலையே. எனக்குக் காலு வலிக்குது, உக்காந்தேன்" என்பார் அக்கா.

தூணுக்காரி எதிரிலிருந்து விடமாட்டாள். "ஏம்புள்ள, இன்னைக்கு எரும உம்பக்கம் மேயுதா? என்ன, உங்க மாமியா வந்திருக்குதா?" என்பாள். கொட்டகையே சிரிக்கும். அழுதுகொண்டிருக்கிறவளும் சிரிப்பாள்.

முதலாளியிடம் அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. எங்கள் கக்கூசுக்கு வெகுநாள் கதவே கிடையாது. ஒருத்தி போனால் இன்னொருத்தி சாக்கைப் பிடித்துக்கொண்டு நிற்போம். கேட்கிற போதெல்லாம் "பாக்கலாம், பாக்கலாம்" என்பார் முதலாளி. ஒருநாள் அக்கா ஆபீஸ் ரூம் வாசலில் போய் நின்றார்.

"ஏனுங்க மொதலாளி, இந்த ரூமுக் கதவக் கொஞ்சங் கழட்டிக் குடுங்க. நாங்க அங்க மாட்டிக்கறோம்."

"அதக் கழட்டிட்டா நான் எப்படீங்க்கா உள்ள உக்கார்றது? எல்லாரும் பாப்பாங்கல்ல?"

"நீங்க கணக்குத்தானுங்க பாக்கறீங்க" என்றார் அக்கா.

அந்த வாரமே கதவு வந்துவிட்டது. உள்தாழ்ப்பாளோடு. முதல் நாள் சும்மா உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுவிட்டு வந்தவர்கள் நிறையப் பேர். நானும்தான்.

என் பக்கத்தில் அவர் உட்கார்ந்த கதையையும் சொல்ல வேண்டும். என் வீட்டுக்காரர் திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் ஆழ்துளைக் கிணறு போடப் போவார். வடக்கே போனால் மாதக்கணக்கில் வரமாட்டார். ஒரு தடவை காய்ச்சல் என்று போன் வந்தது, பிறகு வண்டியில் உடம்புதான் வந்தது. காரியம் முடிந்து நான் கொட்டகைக்கு வந்தேன். கத்தியை எடுத்தேன், கிழங்கை எடுத்தேன், அதற்கு மேல் என்ன செய்வது என்று தெரியவில்லை. எத்தனை வருடமாகச் செய்கிற வேலை, கைக்கு மறந்துவிட்டது. அக்கா வந்து பானையை நகர்த்திவிட்டு உட்கார்ந்தார். எருமைக் கதை ஆரம்பித்தார். எனக்கு அது காதிலேயே விழவில்லை. சாயங்காலம் பார்த்தால் என் கூடை நிறைந்திருந்தது. மறுநாளும் வந்தார். அதற்கு மறுநாளும். ஒருநாள் எருமை வேலியைத் தாண்டிய இடத்தில் நான், "நேத்து படலுன்னு சொன்னீங்க, இன்னைக்கு வேலிங்கறீங்க" என்றேன். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். என் கையைப் பார்த்தார். அது உரித்துக்கொண்டிருந்தது. "அப்ப நான் வாரேன் அம்மிணி" என்று எழுந்து வாசக்காரி பக்கம் போய்விட்டார்.

இதைச் சொன்னபோது பேத்தி எழுதுவதை நிறுத்திவிட்டு, "எங்க மேடமும் இப்படித்தான் அம்மாயி" என்றாள். யாராவது வேலையில் திணறினால் அந்த அம்மா தன் நாற்காலியோடு உருண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளுமாம். அங்கே நாற்காலிக்குச் சக்கரம் இருக்கிறதாம். எனக்கு அதைக் கேட்டு அவ்வளவு சந்தோஷம். அக்காவுக்கு அப்படி ஒன்று இருந்திருந்தால் முட்டி தேய்ந்திருக்காது.

அக்காவுக்கு உடம்பு கெட்டது எங்களுக்குச் சீக்கிரம் தெரியவில்லை. தெரியாமல் போனதற்குக் காரணம் அவர் உட்காருகிற முறைதான். நம் பக்கத்தில் அவர் இருக்கிறபோது நமக்கு நம் கவலை. அவரைப் பார்ப்பவள் யார்? ஒருநாள் தூணுக்காரியின் மகன் வேலையை விட்டுவிட்டு வந்து நிற்க, அக்கா அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். சாயங்காலம் எல்லோரும் கை கழுவும்போது தூணுக்காரி என்னைத் தனியாக இழுத்தாள். அவள் வாயில் கேலி இல்லை என்பதே எனக்குப் பயமாக இருந்தது.

"பான, அக்கா பொழுதுக்கும் எம்பக்கத்துல இருந்தாங்க. எங் கூடை நெறையல."

"உன்ற கை ஓடியிருக்காது."

"எங் கைதான் ஓடல. அவிய கையும் ஓடலடி. தோலோட பாதிக் கெழங்கு போகுது. கத்தி நடுங்குது."

பிறகு விசாரித்தோம். வயிற்றில் கட்டி. சேலத்துக்குப் போய்ப் பார்த்திருக்கிறார்கள், முற்றிவிட்டது என்று அனுப்பிவிட்டார்கள். மகனும் மருமகளும் வீட்டில் இருக்கச் சொல்லியும் அக்கா கேட்கவில்லை.

எங்கள் எல்லோருக்கும் அதன் பிறகு ஒரே நினைப்புதான். அவர் எங்களுக்குச் செய்ததை ஒரு தடவையாவது அவருக்குத் திருப்பிச் செய்துவிட வேண்டும். எப்படிச் செய்வது? அவர் பக்கத்தில் உட்காரலாம் என்றால் அவருக்கு இடம் இல்லை. உரித்துப் போடலாம் என்றால் அவருக்குக் கூடை இல்லை. யோசித்து யோசித்து ஒரு பலகை செய்தோம். எடைக்காரியின் தம்பி நாமக்கல்லில் லாரி பாடி கட்டுகிற பட்டறையில் ஆசாரி. லாரிக்குப் போடுகிற நல்ல மரத்தில், முதுகு சாய ஒரு சட்டமும் வைத்து, நான்கு மூலையையும் உருட்டிச் செய்து கொடுத்தான். பச்சை வண்ணம் வேறு அடித்துவிட்டான். லாரி புத்தி போகவில்லை.

பலகையைக் கொடுத்தால் மட்டும் போதாது, அவர் உட்கார மாட்டார் என்று எங்களுக்குத் தெரியும். கை நின்றுபோனவள் ஒருத்தி இருந்தாலும் அவளிடம்தான் போவார். அதனால் வாசலில் நின்று பேசி வைத்துக்கொண்டோம்.

"நாளைக்கு ஒருத்தி கையும் நிக்கக் கூடாது. என்ன சங்கடமா இருந்தாலும் ஊட்டுல வெச்சுட்டு வாங்க" என்றாள் தூணுக்காரி. "அப்பத்தான் அவிய ஓரெடத்துல உக்காருவாங்க."

எல்லோரும் சரி என்றோம். நல்லது செய்கிறோம் என்றுதான் நினைத்தோம்.

மறுநாள் அக்கா வந்தார். புடவை உடம்பில் நிற்காமல் சரிந்தது. கொசுவத்தைக் கையில் பிடித்துக்கொண்டே வட்டத்தைச் சுற்றி நடந்தார். எங்கள் கைகள் அன்றைக்கு ஓடினது போல என்றைக்கும் ஓடினதில்லை. எடைக்காரிக்கு முந்தின நாள்தான் வீட்டில் பெரிய ரகளை, உதடு கிழிந்திருந்தது. அவளும் தலையைக் குனிந்துகொண்டு சரசரவென்று உரித்தாள். தோல் பறந்தது. பேச்சுச் சத்தமே இல்லை.

அக்கா ஒரு சுற்று வந்தார். நின்றார். இன்னொரு சுற்று வந்தார். என் பக்கத்தில் பானையருகே நின்றபோது அவர் மூச்சு வாங்குவது கேட்டது. நான் நிமிராமல் இன்னும் வேகமாக உரித்தேன்.

"எல்லாரும் நல்லாத்தான் இருக்கீங்க போலிருக்குது" என்றார்.

"ஆமாங்க்கா, ஒரு கொறையுமில்லீங்க. நீங்க வந்து இப்படி உக்காருங்க" என்று தூணுக்காரி எழுந்துபோய்ப் பலகையை எடுத்து வந்து போட்டாள்.

அக்கா குனிந்து பலகையைத் தடவிப் பார்த்தார். சட்டத்தை ஆட்டிப் பார்த்தார். "நல்ல மரம். யாரு செஞ்சது?" என்றார். சொன்னோம். "தம்பிக்குக் கை சுத்தம்" என்றார். உட்காரவில்லை. கொட்டகையை ஒருமுறை பார்த்தார். இடுப்பிலிருந்த கத்தியை எடுத்தார். உரிக்கத்தான் போகிறார் என்று நினைத்தேன். அதைப் புடவைத் தலைப்பில் துடைத்து மறுபடி செருகிக்கொண்டார்.

"அப்ப நான் வாரேன் அம்மிணி" என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை.

அதுதான் அவர் கொட்டகைக்கு வந்த கடைசி நாள். எங்கள் கைகள் எல்லாம் ஓடுகிற இடத்தில் அவருக்கு உட்கார ஓர் இடம் இல்லாமல் போய்விட்டது. இது அன்று சாயங்காலம்தான் எனக்கு உறைத்தது, பலகையைக் கழுவும்போது. ஒருத்தியாவது கையை நிறுத்தியிருக்கலாம். எடைக்காரி அந்த உதட்டோடு நிமிர்ந்து பார்த்திருந்தாலே போதும், அக்கா உட்கார்ந்திருப்பார், எருமை வேலி தாண்டியிருக்கும்.

நாங்கள் வீட்டுக்குப் போய்ப் பார்த்தோம். கட்டிலில் சுருண்டு கிடந்தார். எல்லோரும் சுற்றி உட்கார்ந்தோம். என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார், கிழங்குக் கறை படிந்த கைதான். "ஓடுதா?" என்றார். "நின்னுபோச்சுங்க்கா" என்றேன். லேசாகச் சிரித்தார். தைப்பொங்கல் போன கையோடு போய்விட்டார்.

அடக்கம் முடிந்து நாங்கள் வேலைக்கு வந்த அன்று கொட்டகையில் புதுக்குவியல் கிடந்தது. யாரும் உட்காரவில்லை. பச்சைப் பலகை எடைக்கல்லில் சாய்ந்திருந்தது. அதை எடுத்துப் போட வேண்டும். எங்கே போடுவது?

"எங்கிட்டப் போடுங்க. கடைசியா அவிய உக்காந்து உரிச்சது எம்பக்கத்துலதான்" என்றாள் தூணுக்காரி.

"எம்பக்கத்துல ஒரு கெழம முச்சூடும் இருந்தாங்க, என்ற புள்ள போனப்ப" என்றாள் வாசக்காரி.

"எனக்குக் கத்தி புடிக்கச் சொல்லிக் குடுத்ததே அவியதான்" என்றாள் எடைக்காரி.

ஆளுக்கொன்று சொன்னார்கள். அடக்கத்தன்றுகூட அவ்வளவு சத்தம் இல்லை. நான் போய்ப் பானையை நகர்த்தினேன். அக்கா உட்காருகிற அளவுக்கு இடம் விட்டு, அங்கே ஒரு கிழங்கை வைத்துவிட்டு, என் பலகையைத் தள்ளிப் போட்டு உட்கார்ந்தேன். வாசக்காரி பார்த்தாள். அவளும் தன் பக்கத்தில் இடம் விட்டு ஒரு கிழங்கை வைத்தாள். பிறகு எடைக்காரி. அப்படியே எல்லோரும். ஒவ்வொருத்திக்கும் பக்கத்தில் ஓர் ஆள் உட்காருகிற இடம், அதில் ஒரு கிழங்கு. பச்சைப் பலகை சாய்த்த இடத்திலேயே இருந்தது. வட்டம் பெரிதாகிக்கொண்டே போய்க் கொட்டகைக்கு வெளியே வந்துவிட்டது. வாசக்காரி பக்கம் இருந்தவர்கள் களத்தில் வெயிலில் உட்கார்ந்தார்கள். கிழங்குக் குவியல் எட்டவில்லை. எழுந்து எழுந்து போய் எடுத்து வந்தோம்.

முதலாளி வந்தார். "ஏனுங்க்கா, உள்ள இத்தன எடம் கெடக்குது, வெய்யில்ல உக்காந்திருக்கீங்க?" என்றார்.

"எடம் பத்தலீங்க" என்றாள் வாசக்காரி.

அவர் வட்டத்தைப் பார்த்தார். நடுவில் நடுவில் இருந்த கிழங்குகளைப் பார்த்தார். அடுத்த மேஸ்திரி யார் என்று கேட்கத்தான் வந்திருந்தார் என்று பிறகு தெரிந்தது. அன்றைக்குக் கேட்காமல் போய்விட்டார்.

அப்போது தூணுக்காரி மட்டும் தன் பலகையில் உட்காராமல் நின்றுகொண்டிருந்தாள். வட்டத்தைச் சுற்றி நடந்தாள். எனக்கு அது பிடிக்கவில்லை. இன்றைக்குமா கேலி என்று நினைத்தேன். என்னிடம் வந்து நின்றாள். கீழே இருந்த கிழங்கை எடுத்தாள். "நவுந்துக்க" என்று குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

"எனக்கு ஒண்ணுமில்லடி. அக்கட்டால போ."

"நான் ஒண்ணும் கேக்கலையே. எனக்குக் காலு வலிக்குது" என்றாள். கத்தியை எடுத்துக் கீறினாள். "எங்கிட்ட எருமை இல்ல. ஒரு வெள்ளாடுதான் இருக்குது. அது என்ன பண்ணுச்சு தெரியுமா..."

அவள் சொன்ன ஆட்டுக் கதை எனக்கு ஒரு வார்த்தைகூட ஞாபகம் இல்லை. என் கை எப்போது நின்றது என்று எனக்குத் தெரியாது, அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அக்கா செத்த வீட்டில் வராத அழுகை எனக்கு அங்கே, பானைக்குப் பக்கத்தில் வந்தது. அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. உரித்ததை என் கூடையில் போட்டுக்கொண்டே இருந்தாள்.